ஆறரை மணிக் கதவு

ஜூலை 8

மூன்றாம் வருடம் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் பெட்டி படுக்கையோடு ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கினார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து நடந்து போனேன். பிறந்ததிலிருந்து இந்தப் பல்கலைக்கழகத்தின் மதில்சுவருக்குள்தான் இருக்கிறேன். ஊழியர் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, வளாகத்துப் பள்ளியில் படித்து, வளாகத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, இப்போது வேதியியல் துறையில் இறுதியாண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள், படிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். நான் மட்டும் போகாமலே இருந்துவிடுவேனோ?

நூலகத்து வாட்ச்மேன் என்னிடம் அடையாள அட்டை கேட்பதே இல்லை. "டிரைவர் பொண்ணுதானே, உள்ள போ" என்கிறார். ஒரு தடவை கேட்டுத்தான் தொலையுங்களேன்.

அப்பா துணைவேந்தரின் காரை ஓட்டுகிறார். இதுவரை மூன்று துணைவேந்தர்களைப் பார்த்துவிட்டார். இப்போது இருப்பவர் ஒரு பெண்மணி, எல்லோருக்கும் 'மேடம்'. காலையில் வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கார். மாலையில் வந்தால் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, செய்தித்தாளுக்குள் போய்விடுவார். ஒரு நாள் முழுக்க வீட்டில் அவர் பேசுவதைச் சேர்த்து எழுதினால் தபால் அட்டையில் பாதிகூட நிரம்பாது.

இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 11

மழை. வகுப்பு இல்லை. துறைக்கும் வீட்டுக்கும் சும்மாவே நடந்துகொண்டிருந்தேன். அம்மா, "கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?" என்றாள்.

ஜூலை 19

இறுதியாண்டு ஆய்வுக்கு ஜோடி பிரித்தார்கள். எனக்கு நெட்டை. வகுப்பில் எங்களை நெட்டை, குட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜோடியாகப் போட்டதும் கடைசி பெஞ்சில் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். இந்த வகுப்பிலேயே வேதியியல் உண்மையாகத் தெரிந்தவள் அவள்தான்.

நெட்டை தொலைவிலிருந்து வந்தவள். அவள் அப்பாவுக்கு மரக்கடை, அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அந்த வீட்டிலிருந்து வெளியூர் போய்ப் படிக்கிற முதல் ஆள் இவள். பெண்கள் விடுதியில் இருக்கிறாள். விடுதிக் கதவு மாலை ஆறரை மணிக்குப் பூட்டப்படும்.

எங்களுக்குக் கொடுத்திருக்கும் வேதிவினை ஆறு மணி நேரம் விடாமல் கொதிக்க வேண்டும். ஆய்வகம் எங்கள் கைக்கு வருவதே மதியத்துக்கு மேல். இந்தக் கணக்கைப் போட வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆகவே ஏற்பாடு இதுதான்: அவள் ஆரம்பிப்பாள், நான் முடிப்பேன். நல்லபடியாக வந்தால் அவள் கைராசி, சொதப்பினால் என் கைராசி என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம்.

ஜூலை 26

ஆறு மணி ஆனதும் நெட்டை ஆய்வகக் கோட்டைக் கழற்றுகிறாள். கழற்றிவிட்டுப் போகமாட்டாமல் குடுவையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட்ட தாய் மாதிரி.

"மேல குழாய்ல சுத்தற குளிர் தண்ணி நின்னுச்சுன்னா உடனே அடுப்ப அணைச்சிடு. கிளம்பிப் போயிடாத."

அடுத்த மேசையில் ஆண்கள் விடுதிப் பையன் ஒருவன் மெல்ல விசிலடித்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. நெட்டை அவனைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அவன் வேதியியல் படிக்கிறான். நான் தொடர்கதை படிக்கிறேன். முடிவு என்னன்னு அடுத்த நாள் உன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்."

சிரித்தேன். அவள் போனபிறகு சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 2

கெடுத்துவிட்டேன். நேற்று டீ குடிக்கத்தான் போனேன். அங்கே மேடைப் பேச்சுக்காரப் பையன்கள் சிலர். நானும் நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டேன். திரும்பி வந்தால் தண்ணீர் நின்று, குடுவைக்குள் தாரைக் காய்ச்சி ஊற்றினாற்போல் கருப்பு. ஏன் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை? என்ன பிறவி நான்?

காலையில் நெட்டையிடம் காட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குடுவையைத் தேய்த்துக் கழுவினாள். "நாளைக்கு நானே இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3

இருந்தாள். ஆறரை தாண்டியது, நாங்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்க்காதது மாதிரி நடித்தோம். எட்டு மணி வாக்கில் கரைசலை ஆறவைத்து, கண்ணாடிக் குச்சியால் பக்கவாட்டில் லேசாக உரசினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியில் ஒரு வெள்ளை இழை. அதன் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடுவை முழுக்க ஊசி ஊசியாகப் படிகங்கள். நெட்டை என் தோளைப் பிடித்து அழுத்தியது இன்னும் வலிக்கிறது.

விடுதி வாசலில் பூட்டு. காவலுக்கு இருந்த அம்மாள், காப்பாளர் சொல்லாமல் திறக்கமாட்டேன் என்றார். காப்பாளர் மாடி வராந்தாவிலிருந்தே பேசினார்: இவ்வளவு நேரம் எங்கே இருந்தாளோ அங்கேயே போகட்டும், வீட்டுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. ஆய்வகத்தில் இருந்தோம் என்று நான் கீழேயிருந்து கத்தினேன். வராந்தா விளக்கு அணைந்தது.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா ஒன்றும் கேட்காமல் இன்னொரு தட்டு வைத்தாள். என் இரவு உடையைக் கொடுத்தோம். அவளுக்கு அது முழங்காலோடு நின்றுபோனது. அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டியாம்மா?"

பண்ணினாள். அண்ணன்தான் எடுத்தான். "எங்க இருக்க? யார் கூட?" என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. இவள் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டான்.

என் கட்டிலில் இருவரும் படுத்தோம். அவள் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 5

நெட்டையின் அண்ணன் வந்தான். விடிய விடியப் பயணம் செய்து வந்திருக்கிறான், கண்ணெல்லாம் சிவப்பு. துறை நடைவழியில் வைத்தே பேசினான். ராத்திரி எங்கே போனாள் என்று தெரியாது என்று காப்பாளர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இருந்தாள் என்று நான் குறுக்கே போய்ச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். "சிநேகிதின்னா அப்படித்தான் சொல்லுவ" என்றான்.

அவளிடம் சொன்னான்: "இன்னொரு போன் வந்துச்சுன்னா படிச்சது போதும்னு அப்பா சொல்லிட்டார்."

 அவ்வளவு உயரமானவள் குனிந்து நின்றபோது என் உயரத்துக்கு வந்துவிட்டாள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஆகஸ்ட் 13

விடுதிப் பெண்கள் எல்லோரும் கையெழுத்திட்டு மேடத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். நூலகமும் ஆய்வகமும் திறந்திருக்கும் வரை விடுதிக் கதவும் திறந்திருக்க வேண்டும். இதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பதிலே இல்லை. கேன்டீனில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். உங்கப்பாதானே காரை ஓட்டுகிறார், மேடம் என்ன பேசிக்கொள்கிறார் என்று அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன். நெட்டை மட்டும் கேட்கவில்லை. அதனாலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் அப்பாவின் செய்தித்தாளுக்கு எதிரே போய் நின்றேன். கேட்டேன்.

"வண்டியில ஏறும்போது காதைக் கழட்டி வச்சுட்டுத்தான் ஏறுவேன்" என்றார்.

"அவ படிப்பே போயிடும்பா."

"தெரியும்மா. ஆனா அது என் வாயிலருந்து வரக்கூடாது."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். சொன்னேன் — நீங்க வண்டி ஓட்டல, அந்த வண்டியோட ஒரு பாகமா ஆயிட்டீங்க, ஸ்டியரிங் மாதிரி, அவங்க திருப்பினா திரும்புவீங்க. அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். அப்பா செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஏன்டி அப்படிச் சொன்ன என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14

அப்பா பேசவில்லை. எப்போதுமே பேசாதவர் பேசவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், டீயைக் குடிக்காமல் வேலைக்குப் போனார்.

ஆகஸ்ட் 27

பதிவாளரிடமிருந்து பதில் வந்தது. மாணவியரின் பாதுகாப்பு கருதி நேரத்தில் மாற்றம் செய்ய இயலாது. நான்கே வரி. பாதுகாப்பாம்! அன்றைக்குப் பூட்டின கதவுக்கு வெளியே நிற்க வைத்ததும் பாதுகாப்புக் கருதித்தானோ.

அடுத்த வாரம் நிர்வாகக் கட்டடத்தின் எதிரே உட்காருவது என்று முடிவாகியிருக்கிறது. முன்னால் நின்று நடத்துவது நெட்டை. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உன் வீட்டு நிலைமைக்கு நீ பின்வரிசையில் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்டேன்.

"பின்னாடி உட்கார்ந்தாலும் என் தலைதான் தெரியும்" என்றாள்.

நான் உட்காரணுமா? எனக்குக் கதவு இல்லை, காப்பாளர் இல்லை. என் வீட்டுக்கு நான் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அந்த வீடு பல்கலைக்கழகத்தின் வீடு. அப்பாவின் வேலைக்குக் கொடுத்த வீடு. நான் உட்கார்ந்தால் முதலில் ஆடப்போவது அந்தக் கூரைதான். உட்காராவிட்டால்? தினமும் ஆறு மணிக்கு அவள் கோட்டைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பேன்?

ஆகஸ்ட் 30

அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "உட்காரணும்னு தோணிச்சுன்னா உட்காரு. ஆனா அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு உட்காரு."

அப்பாவின் முன்னால் போய்ப் போய்த் திரும்பினேன். ஒரு தடவை, "என்னம்மா?" என்றுகூடக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

செப்டம்பர் 3

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் கிடையாது.

காலையிலேயே உட்கார்ந்துவிட்டோம். நிர்வாகக் கட்டடத்தின் முகப்புக்குப் போகும் வளைவுச் சாலை முழுக்கப் பெண்கள். நான் முதல் வரிசை, நெட்டையின் பக்கத்தில். மேடம் இன்றைக்கு வெளியூரில் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் வந்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வெயில் ஏறியபோது வெள்ளைக் கார் வந்தது.

ஓட்டுகிறவர் இருக்கையில் அப்பா. பக்கத்தில் பதிவாளர், பின்னால் மேடம். எங்களுக்குச் சற்றுத் தள்ளிக் கார் நின்றது. நான் தரையைப் பார்த்தேன். எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது.  நெட்டை என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

பதிவாளர் இறங்கி வந்து எங்களை எழுந்து போகச் சொன்னார். யாரும் அசையவில்லை. அவர் திரும்பி அப்பாவிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: "மெதுவா நகர்த்திக்கிட்டே வாய்யா. கிட்ட வந்தா தானா எந்திரிச்சுருவாங்க."

கார் நகரவில்லை. இன்ஜின் சத்தம் நின்றது. கதவு திறக்கும் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். அப்பா இறங்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காருக்கு முன்னால் வந்து நின்றார். எங்களுக்கும் காருக்கும் நடுவில்.

"வண்டி போகாது சார்" என்றார்.

பதிவாளருக்குப் புரியவில்லை. "என்ன ரிப்பேர்?"

"ரிப்பேர் இல்ல சார். முன்னாடி பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு."

சாதாரணமாகத்தான் சொன்னார், டயரில் காற்றில்லை என்று சொல்வதுபோல. பதிவாளர் முகம் போன போக்கு! ஆனால் யாரும் சிரிக்கவில்லை.  அப்பா என் பக்கம் பார்க்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அவர் அந்தக் கதவைத் தானே திறந்து நான் பார்த்ததில்லை. நடந்து வந்து எங்கள் வரிசைக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"நீ நம்ம டிரைவர் பொண்ணு இல்ல?"

எல்லாத் தலையும் திரும்பியது.  எழுந்து நின்றேன்.

"வேதியியல், மூணாவது வருஷம் மேடம்."

அவர் என்னைப் பார்த்தார், அப்பாவின் முதுகைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நாங்கள் ஒதுங்கி விட்ட இடைவெளி வழியாக நடந்தே உள்ளே போனார்.

மாலை வரை உட்கார்ந்திருந்தோம். குழு அமைப்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கலைந்தோம்.

செப்டம்பர் 4

அப்பாவைக் காரிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறு உத்தரவு வரும்வரை வாகனக் கொட்டகையில் பொதுப் பணி. அதாவது, வேலை என்று எதுவும் இல்லாமல் ஒரு பெஞ்சில்.

வெள்ளைச் சீருடையை அம்மா துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். எனக்கு அழுகை நிற்கவில்லை. அப்பாவிடம் போய், என்னாலதானேப்பா, நான் அங்க உட்கார்ந்திருந்ததாலதானே — சொல்ல முடியவில்லை, விக்கிக்கொண்டு நின்றேன்.

"உனக்காக நிறுத்தல" என்றார்.

நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நிஜமாத்தான். இறங்கி வந்து நின்னப்புறம்தான் நீ இருக்கறதே தெரிஞ்சுது. நீ இல்லாட்டியும் நிறுத்தியிருப்பேன். ஆள் உட்கார்ந்திருக்கற இடத்துல வண்டிய எப்படி விடறது?"

மேடம் ஒன்றும் சொல்லவில்லையா என்று அம்மா கேட்டாள். "சொல்லல. பதிவாளர் சொன்னார், அவங்க பேசாம இருந்தாங்க."

நேற்றிலிருந்து எல்லாம் என்னைச் சுற்றியே நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றி இல்லை. வெட்கமாகவும் இருக்கிறது, லேசாகவும் இருக்கிறது.

செப்டம்பர் 6

செய்தித்தாளில் படம் வந்துவிட்டது. நெட்டை சொன்னது சரிதான். அத்தனை தலைகளுக்கு மேலே அவள் தலை.

மதியமே அண்ணன் வந்து கூட்டிப் போய்விட்டான். நான் வகுப்பு முடிந்து போய்ப் பார்க்கும்போது அவள் கட்டில் காலி. போனை எடுக்கவில்லை. அணைத்து வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 15

விடுதிக் கதவு இனி இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். ஆய்வகத்திலிருந்தும் நூலகத்திலிருந்தும் விடுதி வரை பஸ்ஸும் உண்டாம். அறிவிப்பு ஒட்டியதும் ஒரே ஆர்ப்பாட்டம். இனிப்பு வாங்கி வந்தார்கள், என்னைத் தூக்கிச் சுற்றினார்கள்.

ஆறு மணிக்கு ஆய்வகத்தில் நான் மட்டும் குடுவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கக்கூடப் போகவில்லை. யாருக்காகக் கதவு திறந்ததோ அவள் இல்லை.

செப்டம்பர் 21

எங்கள் ஆய்வு வழிகாட்டி கூப்பிட்டுச் சொன்னார்: இந்த மாதத்துக்குள் நெட்டை வராவிட்டால் வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் போய்விடும். வீட்டில் சொன்னேன். யாரிடம் சொல்கிறேன் என்றுகூட இல்லை, காற்றிடம் சொல்வதுபோல்.

அப்பா கேட்டார்: "அவங்க ஊருக்குப் பஸ் எங்கருந்து கிளம்புது?"

செப்டம்பர் 23

மூன்று பேரும் போனோம். நீண்ட தூரம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தார்; ஒவ்வொரு தடவை அந்த ஆள் பிரேக் போட்டபோதும் அப்பாவின் கால் தரையை அழுத்தியது.

மரக்கடைக்குப் பின்னால் வீடு. எங்கு பார்த்தாலும் மரத்தூள். நெட்டையின் அப்பாவும் நெட்டைதான். எங்களை உட்காரச் சொன்னார், முகம் கொடுக்கவில்லை. அண்ணன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நெட்டை டீ கொண்டு வந்து வைத்தாள். என் பக்கத்தில் குனிந்தபோது மெல்ல, "படிகத்தக் காய வச்சியா?" என்றாள். தலையை ஆட்டினேன். உள்ளே போய்விட்டாள்.

அம்மா பேச்சை ஆரம்பிப்பாள் என்று நினைத்திருந்தேன். அப்பா ஆரம்பித்தார்.

"நான் ரொம்ப வருஷமா பெரியவங்களுக்கு வண்டி ஓட்டறேன். அவங்க பேசறதக் கேட்டுக் கேட்டு எனக்குப் பேசவே வராம போச்சு. அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அன்னைக்கு உங்க பொண்ணு எங்க வீட்லதான் இருந்தா. லேப்ல வேலை முடியல, கதவப் பூட்டிட்டாங்க. என் வீட்டுக்காரி போட்ட சாப்பாட்டச் சாப்பிட்டுட்டு என் பொண்ணோட கட்டில்ல படுத்தா. காலையில நான் எழுந்தப்ப ரெண்டு பேரும் தூங்கிட்டிருந்தாங்க. எங்க போனான்னே தெரியாதுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. அத அப்பவே நான் வந்து சொல்லியிருக்கணும். இப்பதான் வந்தேன்."

அண்ணனின் கட்டிய கைகள் தளர்ந்தன. நெட்டையின் அப்பா கேட்டார்: "சரிங்க. ஆனா பொண்ணுங்கள நடுரோட்டுல கார் முன்னாடி உட்கார வைக்கிற படிப்பு எதுக்குங்க?"

"அந்தக் கார நான்தாங்க ஓட்டிட்டு வந்தேன்" என்றார் அப்பா.

நெட்டையின் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"வேலை எனக்குத்தான் மாறிச்சு. எனக்கே அந்தப் பிள்ளைங்க மேல கோபம் இல்ல. நியாயமாத்தான் கேட்டாங்க. இப்பக் கதவு ஒன்பது மணி. லேப் வாசல்ல ஏறினா விடுதி வாசல்ல இறங்கலாம், அந்த மாதிரி பஸ் விடறாங்க. அத நானே ஓட்டறேன்னு கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அதுவே புதுச் செய்தி.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் நெட்டையின் அப்பா.  பஸ் நிலையம் வரை அண்ணன் கூட வந்தான்.  அம்மாவின் பையை வாங்கி மேலே ஏற்றி வைத்துவிட்டு, பஸ் கிளம்பும்வரை வெயிலில் நின்றான்.

திரும்பி வரும்போதும் அப்பா டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். சிறுவயதுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 26

போன் வரவில்லை.

செப்டம்பர் 27

வரவில்லை. வழிகாட்டியின் அறை வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன். புத்தகத்தில் ஒரே பக்கத்தை எத்தனை தடவை படிப்பது?

செப்டம்பர் 29

காலையில் ஆய்வகக் கதவைத் திறந்தால் நெட்டை. கோட்டைப் போட்டுக்கொண்டு, என் படிகங்களைத் தட்டில் கொட்டி வைத்துக்கொண்டு, "இத என்ன, உப்புன்னு நினைச்சு வச்சிருக்கியா? இவ்வளவு அழுக்கு" என்று திட்ட ஆரம்பித்தாள். திட்டு திட்டு என்று நின்றேன். அண்ணன்தான் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனானாம்.

நவம்பர் 18

அப்பா பஸ்ஸுக்கு மாறி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்போது காக்கிச் சட்டை. நெட்டை இன்று சொன்னாள்: "உங்கப்பா ரொம்பப் பேசறார்."

யார் அப்பா என்று கேட்டேன்.

ஏறினதும் ஆரம்பித்துவிடுவாராம். எந்தத் துறையில் யார், என்ன ஆராய்ச்சி, எலியை ஏன் வெட்டுகிறீர்கள், நட்சத்திரத்தை எப்படி எடை போடுகிறீர்கள். இயற்பியல் பெண் ஒருத்தி சொன்ன பதில் புரியவில்லை என்று பஸ்ஸை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னாராம். விடுதி வந்த பிறகும் யாரும் இறங்குவதில்லையாம்.

வீட்டில் வந்து பார்த்தேன். செய்தித்தாள். "என்னப்பா, பஸ்ல கச்சேரியாமே?" என்றேன். செய்தித்தாளுக்குப் பின்னால் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

ஜனவரி 20

ஆய்வறிக்கை கொடுத்தாயிற்று. வெளிமாநில நிறுவனத்துக்கு மேல்படிப்புக்கு நெட்டையும் நானும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கிடைக்காது. கிடைத்தால்? கிடைக்காது.

ஏப்ரல் 10

இருவருக்கும் கிடைத்துவிட்டது. நெட்டை அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் மரக்கடையில் இருந்த ஆட்களிடம் சத்தமாகச் சொல்வது எனக்கு இங்கே கேட்டது. நான் அம்மாவிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அவர்கிட்ட சொல்லமாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

ஏப்ரல் 11

இரவுக் கடைசி பஸ்ஸில் ஏறினேன். எங்கள் வீடு எதிர்த் திசையில். அப்பா கண்ணாடியில் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. இன்றைக்குப் புவியியல் பெண் ஒருத்தியிடம் ஆறு ஏன் வளைந்து ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். விடுதி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். நெட்டை என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

நான் முன்னால் வந்து அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். சொன்னேன். எந்த ஊர், எத்தனை வருடம், ஜூலையில் கிளம்ப வேண்டும் என்பதை எல்லாம். இத்தனை நாள் இந்த மதில்சுவரைத் தாண்ட எப்படித் தவித்தேன். இப்போது போகப்போகிறேன் என்று சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

அப்பா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி இருந்தார்.

"அங்க லேப் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

"பூட்டறதே இல்லையாம்பா."

"சரி" என்றார். வண்டியை எடுத்தார்.

இந்த வளாகத்தில் அவருக்குத் தெரியாத கல் கிடையாது. ஆனால் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் முனையைத் தாண்டி நேரே போய்க்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டட்டும் என்று நான் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.